மடை எண் 117

ஜூன் 3, திங்கள்

கல்லூரி நூலகத்தில் என் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். ஜன்னலோரம், வடக்குப் பார்த்தது, இடது கைப்பிடியில் விரிசல் உள்ளது. வெளி உறுப்பினராக முப்பத்தொரு வருடம் உட்கார்ந்த நாற்காலி. அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சு மூட்டை கிடக்கிறது. மாணவர்கள் அதில் சாய்ந்துகொண்டு செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. நூலகர் ஷீபா எஸ்தர் ஒரு கையையும், யாரோ ஒரு மாணவி மறு கையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

“இது பிள்ளையளுக்குன்னு போட்டது ஐயா. நாற்காலி எல்லாம் ரெண்டாவது மாடியில இருக்கு.”

“லிப்ட் இருக்கா?”

“டெண்டர் விட்டிருக்கு.”

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. காயில் எரிந்துவிட்டது.

ஜூன் 5

நூலக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிக்கப் போகிறார்களாம். அலமாரிகள் போன இடத்தில் கண்ணாடி அறை கட்டி, அதில் மாணவர்கள் கூட்டாக விவாதிப்பார்களாம். எதைப் படித்துவிட்டு விவாதிப்பார்கள் என்று அறிவிப்பில் இல்லை.

என் புத்தகத்துக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாகத்தான் உள்ளே போனேன். ‘முந்நூற்றுப் பன்னிரண்டு மடைகள்’, 1993, சொந்தப் பதிப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது குளத்து மடையைத் திறந்து மூடுகிற ஆளாக வேலை பார்த்துக்கொண்டே, ஐந்து வருடம் சைக்கிளில் சுற்றி எழுதியது. எந்தக் குளத்துக் கரையில் எந்த மடை, அதன் பெயர், நீளம், தண்ணீர் வெளியேற எத்தனை கண், கல்லில் எழுத்து உண்டா, எல்லாம் அட்டவணையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ‘நேரில் கண்டது’ என்று இருக்கும். பட்டம் வாங்கியவர்கள் இப்படி எழுதுவதில்லை. அவர்கள் ‘அறியப்படுகிறது’ என்று எழுதுவார்கள்.

ஷீபா கம்ப்யூட்டரில் பார்த்தார்.

“உங்க புஸ்தகத்த இருபத்தாறு தடவ எடுத்திருக்காங்க ஐயா.”

“பாத்தீங்களா!”

“இருபத்தாறு தடவயும் நீங்கதான்.”

எழுதியவன் வாசிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

“அப்பல்லாம் எத்தன தடவன்னு பாத்தோம். இந்தப் புது சாப்ட்வேர் எத்தன பேருன்னு பாக்கும். ஒருத்தர்னா கழிச்சிருன்னு சொல்லிரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு வழி இருக்கு. இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க. ஸ்கேன் பண்ணி நம்ம நூலகத் தளத்துல ஏத்திருவோம். ஓபன் ஆக்சஸ். உலகத்துல எங்க இருந்தும் யாரும் வாசிக்கலாம்.”

“யாரும்னா?”

“யாரும்.”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காகிதத்தில் இல்லாதது புத்தகம் இல்லை என்று சொன்னேன். அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

வருவதற்கு முன் அலமாரியில் இருந்த என் புத்தகத்தில் 88ஆம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். மை மங்கவில்லை.

ஜூன் 10

மோட்டாருக்குக் காயில் மாற்றியாயிற்று. ஷீபா இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். என் மனைவி கோமதி காபியில் சர்க்கரை போடாததைப் பற்றிப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஷீபாவின் கம்ப்யூட்டரை மட்டம் தட்டத்தான் போனேன். “உலகமே இதுக்குள்ள இருக்குன்னீங்களே, பேய்ச்சி மடைன்னு போடுங்க, வருதான்னு பாப்போம்,” என்றேன். அந்தப் பெயர் என் புத்தகத்தைத் தவிர எங்கும் அச்சேறியதில்லை.

வந்தது.

‘பாசன மடைகளின் கட்டமைப்பு: ஒரு கள ஆய்வு’. முனைவர் பட்ட ஆய்வேடு, 2019. எழுதியவர் கார்மேகவண்ணன். இதே கல்லூரியில் வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியர். தினமும் வாசலில் எனக்கு வணக்கம் சொல்லும் அதே கார்மேகவண்ணன். பின்னிணைப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு மடைகள். என் மடைகள், என் அளவுகள். அகர வரிசையில் மாற்றி அடுக்கியதுதான் அவருடைய உழைப்பு. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ‘நேரில் கண்டது’.

“திருட்டக் கண்டுபிடிக்க மெசின் வச்சிருக்கோம்னு சொல்லுவீங்களே?”

ஷீபாவின் முகம் சுருங்கிவிட்டது. “நாலு சதவீதந்தான் காப்பின்னு காட்டியிருக்கு ஐயா. அந்த மெசினு கம்ப்யூட்டர்ல இருக்கறதோடதான் ஒப்பிட்டுப் பாக்கும். உங்க புஸ்தகம் உள்ள இல்லயே.”

பூட்டாத வீட்டில் திருடன் புகுந்தால் வீட்டுக்காரனையே குற்றம் சொல்வதா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகுதான் ஷீபா அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஜூன் 14

முதல்வரிடம் புகார் கொடுத்தேன். ஏழு பக்கம். ஒரு பக்கமாகச் சுருக்கித் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

ஜூன் 19

கார்மேகவண்ணன் தாழ்வாரத்தில் மறித்தார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல்.

“ஐயா, சத்தியமா உங்க புஸ்தகத்த நான் கண்ணால கண்டதில்ல. நீங்க போய் அளந்தீங்க, நானும் போய் அளந்தேன். மடை என்ன, ஆளுக்கு ஒரு நீளமா காட்டும்? உண்மைக்கு யாராவது பட்டா வாங்க முடியுமா?”

பதில் சொல்ல முடியவில்லை. திருத்தி எழுதுகிறேன்: பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை.

ஜூன் 20

அவருடைய ஆய்வேட்டில் கருவாலங்குளத்து மடை எங்கே இருக்கிறது என்று தேடினேன். கண்கள்: 2 என்று போட்டிருக்கிறார்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஜூன் 24, திங்கள்

விசாரணைக் குழுவின் முதல் கூட்டம். மூன்று பேர். தலைவர் இயற்பியல் பேராசிரியர் ஹமீதா பானு. சுற்றி வளைக்காத பெண்மணி.

“ரெண்டு பேரும் சரியா அளந்திருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். அத வச்சு நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா தப்பு ஒண்ணா இருந்தா வேற கத. சரியாச் சொல்றவங்க ஆயிரம் பேர் ஒரே மாதிரி சொல்லலாம். ஒரே தப்ப ரெண்டு பேர் தனித்தனியாச் செய்யறது கஷ்டம். ஐயா, உங்க புஸ்தகத்துல தப்பு ஏதாவது இருக்கா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்மேகவண்ணனும்.

“என் புஸ்தகத்துல தப்பே கிடையாது,” என்றேன்.

அவர் சிரித்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஆதாரம் கொண்டுவர ஜூலை 29 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் அந்த அட்டவணை அவருடையது. என் புத்தகம் அலமாரியிலிருந்தும் போய்விடும், நான் சைக்கிள் மிதித்ததற்கு என் முட்டியைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஜூன் 25

கோமதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“என்ன, ரெண்டு நாளா சோறு இறங்கலயே. கருவாலங்குளமா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? தொண்ணூத்தேழுல மைக்கூட்டயும் பேனாவயும் தூக்கிக்கிட்டு பரண்ல ஏறி மூணு நாள் உக்காந்திருந்தீயளே. எலிப் பொறி வைக்கீயன்னா நெனச்சேன்?”

சரி. எழுதிவிடுகிறேன். இந்த நாட்குறிப்பை யாரும் ஸ்கேன் செய்யப் போவதில்லை.

1991 அக்டோபரில், மடை எண் 117 இருக்கிற கருவாலங்குளத்துக்கு நான் போகவில்லை. இரண்டு மைல் முன்னால் சைக்கிள் பஞ்சர். வண்டித்தடம் முழுக்கச் சகதி. பஞ்சர் கடைக்காரர், “அதுக்கு ரெண்டு கண்ணுதான் சார், நான் பொறந்து வளந்த ஊரு,” என்றார். அன்று மாலையே திரும்பிவிட்டேன். அட்டவணையில் 2 என்று எழுதினேன். ‘நேரில் கண்டது’ என்றும் எழுதினேன். மற்ற முந்நூற்றுப் பதினோரு வரிசையிலும் அப்படி இருக்கும்போது ஒன்றில் மட்டும் விட்டால் அசிங்கமாக இருக்கும்.

1996இல் பேராசிரியர் ஞானசிகாமணி ஒரு காலாண்டிதழில் என் நூலுக்கு மதிப்புரை எழுதினார். எழுதியதே மூன்று வரி. அதில் ஒரு வரி: ‘மடை எண் 117க்கு மூன்று கண்கள், ஆசிரியர் அங்கே போனாரா?’ நான் பதிலுக்கு நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் அடித்து வெளியிட்டேன். அதில் ‘போனேன்’ என்ற சொல் பதினொரு முறை வரும். அதற்கடுத்த வருடம் பேருந்தில் போய்ப் பார்த்தேன்.

மூன்று.

அன்றிலிருந்து கைக்கு எட்டிய பிரதிகளில் எல்லாம் 2ஐ 3 ஆக்கினேன். 2ஐ 3 ஆக்குவது சுலபம், கீழே ஒரு வளைவு போதும். ஞானசிகாமணியோடு பேச்சு நின்று இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

ஜூலை 2

இப்போது சிக்கல் இதுதான். தப்பை ஒப்புக்கொண்டாலும் காட்டுவதற்குத் தப்பு இல்லை. பரணில் உள்ள பிரதிகள் எல்லாம் 3. நூலகப் பிரதியும் 3. மையால் திருத்தியது என்று சொன்னால், நேற்று திருத்தினேன் என்பார் கார்மேகவண்ணன்.

பேனாவோடு நான் போகாதது வெளியூர் நூலகங்கள் நான்கு. அதில் ஒன்றிலிருந்து வெளியே போன பிரதியைத்தான் கார்மேகவண்ணன் எங்கோ பழைய புத்தகக் கடையில் பிடித்திருக்க வேண்டும். நான்குக்கும் போன் செய்தேன். இரண்டில் கழித்துவிட்டார்களாம். ஒன்றில் காணவில்லையாம். நான்காவதில் போனை யாரும் எடுக்கவில்லை.

திருத்தாத பிரதி இன்னும் ஒருவரிடம் இருக்கும். மதிப்புரைக்கு நானே அனுப்பியது.

வேறு வழி யோசிக்க வேண்டும்.

ஜூலை 6

வேறு வழி இல்லை.

ஜூலை 8

ஞானசிகாமணி வீட்டுத் தெரு வரை போனேன். வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கோமதி பழத்தைப் பார்த்து, “பேராசிரியர் வீட்டுத் தெருக் கடையில வாங்கினதா?” என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

போனேன்.

அவருக்கு வயது எண்பத்திரண்டு. கைத்தடி வந்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“வாரும் ஆவுடையப்பரே. நேத்து பழக்கட வர வந்தீராமே. பழம் நல்லா இருந்துதா?”

“உம்மகிட்ட ஒரு புஸ்தகம் கேட்டு வந்தேன்.”

“எது, அந்த நாலு பக்கப் புஸ்தகமா? அது மனப்பாடமா இருக்கு. போனேன், போனேன், போனேன்னு பாட்டு மாதிரி வரும்.”

எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன், கார்மேகவண்ணன் முதல் பஞ்சர் கடை வரை. கடைசியில் கேட்டார்:

“பஞ்சர் ஒட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை மணி நேரம்.”

“அரை மணி நேரத்துல நடந்தே போயிருக்கலாம் ஓய்.”

உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டார். அட்டை பிய்ந்து நூல் தெரிந்தது. பக்கங்களில் மண்கறை. 88ஆம் பக்கத்தைத் திறந்தேன். கண்கள்: 2. அச்சில் அப்படியே இருந்தது. பக்கத்தில் பென்சிலில் 3 என்றும், மடையின் சிறிய படமும், 14.5.95 என்று தேதியும்.

மற்ற வரிசைகளிலும் பென்சில் தெரிந்தது. ஒவ்வொரு மடைக்கு எதிரிலும் ஒரு டிக். பக்கத்தில் தேதி. 1996, 1999, 2003. பக்கத்துக்குப் பக்கம் டிக்.

“இதெல்லாம் என்னது?”

“மதிப்புரை எழுதுறப்ப நான் பாத்தது நாலே நாலு மட. அதுல ஒண்ணு தப்பு. அப்ப நாலுல ஒண்ணு தப்பாத்தான் இருக்கும், ஆள வசமாப் பிடிச்சிரலாம்னு கிளம்பினேன். லீவு நாளெல்லாம் அதுதான் வேல. பதினாலு வருசம். ஒண்ணுகூட சிக்கல. கடேசியில முட்டி போச்சு, எட்டு மட பாக்கி.”

முந்நூற்று மூன்று டிக். என் புத்தகத்தை யாரும் வாசிக்கவில்லை என்று முப்பத்தொரு வருடமாக எழுதி வந்திருக்கிறேன், இதே நோட்டில்.

“முந்நூத்தி மூணு சரின்னு நீர் ஏன் ஓய் எங்கயும் எழுதல?”

“நீர் ஏன் மூணுன்னு எழுதல?”

அவர் மருமகள் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போட்டிருந்தாள்.

ஜூலை 29, திங்கள்

“அன்னிக்கு என் புஸ்தகத்துல தப்பே இல்லன்னு சொன்னேன். அது கடேசிப் பொய். மொதப் பொய் எம்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு. மடை எண் 117க்கு நான் போகல,” என்றேன். பயிற்சி செய்துகொண்டு போன ஏழு பக்கத்தில் இந்த நான்கு வரிதான் வெளியே வந்தது.

போன வாரமே நான் ஆதாரமாகக் கொடுத்திருந்த ஞானசிகாமணியின் பிரதியை ஹமீதா பானு மறுபடியும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு கார்மேகவண்ணனிடம் திரும்பினார்.

“சார், நீங்க கருவாலங்குளத்துக்குப் போனீங்களா?”

“போனேன் மேடம். ஆய்வேட்டுலயே இருக்கே, நேரில் கண்டதுன்னு.”

“எத்தன கண்ணு?”

அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். எந்த எண்ணைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. “அது... தண்ணி நெறைய இருந்துது மேடம்,” என்றார்.

“ஞாயித்துக்கிழம நானும் ஸ்கூட்டர்ல போய்ட்டு வந்தேன். மூணு.”

சாட்சியாக என்னோடு வந்து உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி என் காதில், “ஸ்கூட்டர் பஞ்சர் ஆகல போல,” என்றார். குழுவின் முன்னால் சிரிக்கக் கூடாது என்பதற்காக இருமினேன்.

ஆகஸ்ட் 12

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வேட்டைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்த காரணத்தை அதே இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் நடவடிக்கைக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாயிற்று. கார்மேகவண்ணன் இப்போது பின்வாசல் வழியாகப் போகிறார். சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். அவரும் ஏதோ ஒரு பஞ்சர் கடையில் நின்றுவிட்டவர்தான். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை நின்றிருக்கிறார். அது அதிகம்.

ஆகஸ்ட் 14

ஷீபாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஞானசிகாமணியின் பிரதியைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். என்னுடையதில் மை இருக்கிறது.

“பென்சில் கோட எல்லாம் கம்ப்யூட்டர்லயே அழிச்சிரலாம் ஐயா. பளிச்சுன்னு ஆயிரும்.”

“ஒரு டிக் குறைஞ்சாலும் படிவத்தத் திருப்பி வாங்கிருவேன்.”

திருத்தக் குறிப்பு என்று ஒரு பெட்டி இருந்தது. நடந்ததை விளக்கி நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி ஏற்காதாம். அநியாயம். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘மடை எண் 117: கண்கள் மூன்று. ஆசிரியர் அங்கே போகவில்லை. மதிப்புரையாளர் போனார்.’

“இன்னும் எடம் இருக்கு ஐயா,” என்றார் ஷீபா.

“போதும்.”

செப்டம்பர் 2

புத்தகம் ஏறிவிட்டது. பக்கத்தின் அடியில் ‘பார்வைகள்’ என்று ஓர் எண் வருகிறது. காலையில் 9. மதியம் 14. மாலையில் 22.

“அம்புட்டும் நீங்கதானே?” என்றாள் கோமதி.

இரண்டு அவள் செல்போனிலிருந்து. நான் மட்டும் என்று சொல்வது தவறு.

செப்டம்பர் 17

61. இதில் என்னுடையது நாற்பதுக்கு மேல் இருக்காது.

ரேஷனில் பாமாயில் வரவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

ஷீபா ஒரு மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்தார். என் புத்தகத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய முதல் கடிதம். யாரோ மகிழ்வதனா, நீரியல் படிக்கிற பெண். நூல் மிகவும் பயன்படுகிறது என்று ஒரு வரி. அடுத்த வரி: ‘மடை எண் 264இல் கல்லெழுத்து வலப்புறம் என்று போட்டிருக்கிறீர்கள். இடப்புறம் உள்ளது. தாங்கள் கவனிக்க வேண்டும்.’

நேற்றுப் பிறந்த பெண். குளத்துக்கு உள்ளே நின்று பார்த்தால் வலம், கரைக்கு வெளியே நின்று பார்த்தால் இடம். இதுகூடத் தெரியாமல் நீரியல் என்ன நீரியல்? மூன்று பக்கம் பதில் எழுதினேன்.

செப்டம்பர் 21

பதிலை இன்னும் அனுப்பவில்லை. நான் உள்ளே நின்றேனா வெளியே நின்றேனா என்பது நினைவில் இல்லை.

ஞானசிகாமணிக்குப் போன் செய்து 264இல் டிக் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அது பாக்கி எட்டுல ஒண்ணு ஓய்.”

“சரி.”

“என்ன சரி? எத்தன மணிக்கு பஸ்ஸு?”

“அஞ்சே முக்கால். உமக்கு முட்டி...”

“உமக்கு மட்டும் என்ன, புது முட்டியா? பென்சில நான் கொண்டு வாரேன். நீரு பேனா கீனா எடுத்துட்டு வந்துராதயும்.”

செப்டம்பர் 23, திங்கள்

மடை எண் 264. கல்லெழுத்தைத் தேடினோம். உள்ளே நின்றும் பார்த்தோம், வெளியே நின்றும் பார்த்தோம். இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறது. அந்தப் பெண் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஞானசிகாமணி டிக் போட்டார், பாதி அளவில். முழு டிக் போடச் சொல்லிப் பேருந்து வரும் வரை சண்டை போட்டேன். போடவில்லை.

பாக்கி ஏழு.